முடிச்சு நிற்காத பருவம்

அந்த வருஷம் ஐப்பசி மூன்றாம் தேதி காலையிலிருந்து ஆண்டிக்கோடியில் புதிதாகப் போட்ட எந்த முடிச்சும் நிற்கவில்லை. பழைய முடிச்சுகள் நின்றன. இரண்டாம் தேதி இரவு வரைக்கும் யார் எதைக் கட்டியிருந்தார்களோ அது அப்படியே கட்டியபடி இருந்தது. மூன்றாம் தேதி விடிந்த பிறகு கட்டியது எதுவானாலும், நார்க் கயிறானாலும் நைலான் கயிறானாலும் புடவைத் தலைப்பானாலும், கை எடுத்த மாத்திரத்தில் தூக்கத்தில் விரல் பிரிகிற மாதிரி மெல்லப் பிரிந்து விழுந்தது.

இதை முதலில் கண்டது தையல்நாயகி. கண்டது என்று சொல்வதைவிட மாட்டிக்கொண்டது என்று சொல்வதுதான் சரி. ஏனென்றால் அந்த ஊரில் மழைக்காலம் பிறந்தவுடன் முதல் ஆளாக வீட்டைப் புயலுக்குத் தயார்ப்படுத்துகிறவள் அவள்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த பெரும்புயல் அவள் வீட்டுக் கூரையை எடுத்துக்கொண்டு போய், இரண்டு வருஷம் தார்ப்பாய்க்குக் கீழே குந்தவைத்ததிலிருந்து, ஒவ்வொரு ஐப்பசியிலும் கூரைமேல் போட்ட பழைய கயிறு ஐந்தையும் அவிழ்த்து எறிந்துவிட்டு, புதுக் கயிறு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, இழுத்து, சுவரடியில் அடித்த முளையில் தன் கையாலேயே முடிபோடுவாள். அரிசியை டிரம்மில் கொட்டி மூடுவாள். ரேஷன் கார்டையும் பட்டாவையும் மகளின் மார்க் சீட்டையும் பாலித்தீன் பையில் போட்டுப் பானைக்குள் வைப்பாள். தென்னையில் தேங்காயை எல்லாம் இறக்கச் சொல்லி, மட்டையைக் கழித்துவிடச் சொல்லி, புருஷன் பக்கிரிசாமியை ஒரு வாரம் நிம்மதியாக உட்காரவிட மாட்டாள். பக்கிரிசாமி உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். வெயிலில் உப்பு விளைகிற வேகத்துக்குப் பழகிப் போனதாலோ என்னவோ, எதற்கும் அவசரப்படாத மனிதர். அன்றைக்கும் அவர், போன வருஷக் கயிறு நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஒரு வருஷம் தாங்கும், விடு தையலு என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. மூன்றாம் தேதி பொழுது புலர்ந்ததும் ஏணி வைத்து ஏறி, ஐந்து கயிற்றையும் அரிவாளால் அறுத்துத் தள்ளிவிட்டு, புதுக் கயிற்றைப் போட்டு முதல் முடிச்சைப் போட்டாள். அது அவிழ்ந்தது. திரும்பப் போட்டாள். திரும்ப அவிழ்ந்தது.

கயிற்றில் எண்ணெய் பட்டிருக்கும் என்று நினைத்துச் சாம்பல் தேய்த்துக் கட்டினாள். அவிழ்ந்தது. புருஷன் ஊறவைத்த லட்சணம் என்று அவரைத் திட்டிக்கொண்டே இரட்டை முடிச்சாகப் போட்டாள். அதுவும் அவிழ்ந்தது. பதினேழு தடவை கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அன்று காலை வாசலில் மாற்றிக் கட்டியிருந்த ஆடு அடுப்படியில் நின்று முருங்கைக்கீரையைத் தின்றுகொண்டிருந்தது. அதற்குள் தெருவில் சத்தம் கேட்டது. எதிர்வீட்டில் குழந்தைக்கு அப்போதுதான் கட்டிய தூளி கழன்று குழந்தை மெத்தென்று பாயில் விழுந்திருந்தது. மூன்றாம் வீட்டில் பஞ்சாயத்து மெம்பர் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி வெளியே வந்து, எல்லாருக்கும் இப்படியா எனக்கு மட்டுமா என்று கேட்டார். எல்லாருக்கும்தான் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

ஏன் இப்படி என்று ஊர் இரண்டு நாள் யோசித்தது. மூன்றாம் நாள் யோசிப்பதை விட்டுவிட்டது, ஏனென்றால் செய்யவேண்டிய வேலைகள் அப்படி அப்படியே கிடந்தன. பெண்கள் தலையை முடியாமல் கிளிப் போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டார்கள், பெல்ட் இல்லாதவர்கள் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே டீ குடித்தார்கள். பூக்காரி பூ கட்ட முடியாமல் உதிரிப்பூவைப் படியால் அளந்து விற்றாள். குழந்தைகள் தூளி இல்லாமல் தூங்க மறுத்ததால் ஊரே தூக்கம் கெட்டுப்போய்ச் சிடுசிடுவென்று திரிந்தது. மஞ்சள் கயிறு புதுசு மாற்றலாமென்று அவிழ்த்திருந்த நாலு பெண்கள் மாரியம்மன் கோயிலில் போய் அழுதார்கள். பூசாரி வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஊக்கு குத்திக்கொண்டால் குற்றமில்லை என்று சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரில் ஊக்கு தீர்ந்துபோயிற்று.

ஐப்பசி பத்தில் பெரியவர் ஒருவர் காலமானார். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணி நிற்காமல் போகவே, அவருடைய மூத்த மகன், சென்னையிலிருந்து வந்தவன், அப்பாவின் இரண்டு விரல்களையும் தன் கைக்குள் சேர்த்துப் பிடித்தபடி எடுக்கும்வரை உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தபோது அப்பாவோடு அவ்வளவு நேரம் அவன் உட்கார்ந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். பதினெட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மூன்று முடிச்சும் போட்டான், மூன்றும் அவிழ்ந்தன. பெண் வீட்டார் முகம் கறுத்தது. கடைசியில், பருவம் முடிகிற வரைக்கும் பையன் பிடித்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் முடிவுசெய்தார்கள். அவன் கயிற்றின் இரண்டு நுனியையும் அவள் பிடரியில் சேர்த்துப் பிடித்தபடியே பந்தியில் உட்கார்ந்தான், போட்டோவுக்கு நின்றான், காரிலும் ஏறினான். ஊக்கு கிடைத்த பிறகும் அவன் கையை எடுக்கவில்லை என்று பெண்கள் சிரித்தார்கள்.

இதையெல்லாம் ஆண்டிக்கோடி தாங்கிக்கொண்டது. தையல்நாயகியால் தாங்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது, ஊரில் சோம்பேறிகள் எல்லாம் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்பது. போன வருஷத்துக் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே விட்டவர்கள் வீடுகள் எல்லாம் கட்டியபடி நின்றன. நாலு வருஷமாகக் கயிறே மாற்றாத மெம்பர் வீட்டுக் கூரை, ஊரிலேயே பத்திரமான கூரை என்று பேரெடுத்தது. இரண்டாம் தேதி ராத்திரி கண்ட இடத்தில் மாட்டைக் கட்டிவிட்டுத் தூங்கப் போனவன் மாடு ஒரே இடத்தில் நின்றது, அவன் புல்லைக் கொண்டுவந்து போட்டான், எல்லாரும் அவனுக்கு முன்யோசனை என்றார்கள். முன்கூட்டியே பழைய கயிற்றை அறுத்துத் தள்ளிய பதினாறு வீட்டுக்காரர்கள், ஊரிலேயே அதிகம் பயந்து அதிகம் உழைக்கிற பதினாறு வீட்டுக்காரர்கள், மொட்டைக் கூரையோடு நின்றார்கள். நான் அப்பவே சொன்னேன் என்று பக்கிரிசாமி ஒரு தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவைக்கு அவள் நாலு நாள் அவருக்குச் சோறு போட்டாளே தவிர குழம்பு ஊற்றவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. கம்பியை முறுக்கிப் பார்த்தாள், முறுக்குப் பிரிந்தது. மணல் மூட்டையைக் கூரைமேல் ஏற்றினாள், மூட்டையின் வாய் பிரிந்து மணல் முழுக்க அரிசி டிரம்மேல் கொட்டியது. வாய் தைத்த மூட்டையாக ஏற்றினாள், கூரையைத் தாங்கிய வாரை ஒன்று முறிந்தது. முறிந்த வாரையை மாற்றக் கட்ட முடியாது என்பதால் ஆணி அடித்தாள், உளுத்த மரம் ஆணியோடு சேர்ந்து உதிர்ந்தது. முளையில் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால் போதாதா என்று சுற்றிப் பார்த்தாள். கை இருக்கும்வரை கயிறு இருந்தது, கை எடுத்ததும் பத்துச் சுற்றும் பாம்பு மாதிரி இறங்கிப் போயின. இதற்கு நடுவில், பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கலைவாணி, மூன்று மாதக் கைக்குழந்தையோடு மூலையில் உட்கார்ந்துகொண்டு, ஏம்மா இப்படிப் பறக்கிற, புயல் வந்தா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வந்துடலாம் என்று சொன்னாள். வந்து எங்கடி இருப்ப என்று கேட்டாள் தையல்நாயகி. மகள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஐப்பசிக் கடைசியில் கிராம நிர்வாக அதிகாரி பைக்கில் வந்தார். புயலுக்கு முன் செய்யவேண்டியவை என்று அச்சடித்த தாளை வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். முதல் வரியே கூரைகளைக் கயிற்றால் இறுகக் கட்டவும் என்று இருந்தது. தையல்நாயகி அந்த வரியைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்பாமல் தானே ஒரு முடிச்சைப் போட்டார், அது அவர் கண்ணெதிரிலேயே பிரிந்தது. அவர் பேனாவை எடுத்து, கயிறு தரமில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எண்ணி ஏழாம் நாள் லாரியில் புதுக் கயிறு முப்பது சுருள் வந்து இறங்கியது. அதற்கும் நாலு நாள் கழித்து, முடிச்சுப் போடும் பயிற்சி கொடுக்க ஒருத்தர் வந்தார். ஒன்பது வகை முடிச்சுகளை மைக்கில் விளக்கிச் செய்துகாட்டினார், ஒன்பதும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. வந்திருந்த எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். ஆண்டிக்கோடிக்குப் பயிற்சி முடிந்தது என்று எங்கேயோ ஒரு இடத்தில் எழுதப்பட்டது.

இப்படி எல்லா வழியும் அடைபட்டபோது மிச்சம் இருந்தது ஒரே வழி. கயிறு கைக்குக் கட்டுப்படுகிறது, முடிச்சுக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே கையால்தான் பிடிக்கவேண்டும். முகட்டுக்கு மேலே கயிற்றைப் போட்டு, ஒரு நுனியை முன்பக்கமும் மறு நுனியைப் பின்பக்கமும் புயல் ஓயும்வரை ஆட்கள் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மற்ற பதினைந்து வீட்டாரும் இந்த முடிவுக்கு வந்துவிட்டார்கள். தையல்நாயகிக்கும் இது பத்து நாளைக்கு முன்பே தெரியும். அவள் வாயைத் திறக்காததற்குக் காரணம், அவள் வீட்டின் பின்பாதி அவளுடையது இல்லை.

அந்த வீடு ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. முன்பாதி பக்கிரிசாமிக்கு, பின்பாதி தம்பி வைத்தியலிங்கத்துக்கு. முன்வாசலில் நின்றால் கொல்லைவாசல் வழியாகத் தென்னந்தோப்பு தெரிகிற மாதிரி நேர்க்கோட்டில் வாசல்கள் வைத்துக் கட்டிய வீடு. பெரும்புயல் வந்த அன்று, இருட்டுப் பிரிவதற்குள் வைத்தி தன் பெண்சாதி அமிர்தத்தையும் பசுமாட்டையும் குட்டியானை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். கூரை போனா இன்னொரு கூரை போட்டுக்கலாம், வாங்க என்று அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டுத்தான் பார்த்தான். கூரையைக் கட்டிவிட்டு வருகிறோம் என்றார்கள் அவர்கள். பின்பக்கம் பிடிக்க ஆளில்லாமல் இரண்டு பேராக மல்லுக்கட்டி, கூரை போயிற்று. அப்புறம் வைத்தி அந்த இரண்டு வருஷமும் மாமனார் வீட்டில் போய் இருந்துகொண்டான். இவர்கள் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தார்கள், முதல் மழைக்காலத்தில் கலைவாணிக்குப் பேச்சு முடிந்திருந்த ஒரு நல்ல இடம் வந்து பார்த்துவிட்டு, குந்த இடமில்லாமல் நின்றபடியே காப்பி குடித்துவிட்டுப் போய் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது. அந்த வாரமே தையல்நாயகி களிமண்ணும் வைக்கோலும் மிதித்து, முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவில் இருந்த வாசலை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வைத்தியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் ஆட்டைப் பார்த்துச் சொல்வாள்.

கார்த்திகை பன்னிரண்டில், வங்காள விரிகுடாவில் புயல் உருவாகிவிட்டது, பதினாலாம் தேதி விடியலில் கரையைக் கடக்கும் என்று டிவியில் சொன்னார்கள். தையல்நாயகி கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்துப் பேசிப் பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாகக் கொல்லைப்பக்கம் போனாள். வைத்தி கிணற்றடியில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, கைலியை இறக்கிவிட்டு நின்றான்.

“கயிறு பிடிக்கணும். இந்தப் பக்கம் ஆள் வேணும்” என்றாள்.

“எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவோம் அண்ணி. கூரைதானே.”

“போன தடவையும் இதைத்தான் சொன்ன. தார்ப்பாயிக்குக் கீழ கெடந்தது நீ இல்ல.”

அவன் மண்வெட்டிக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செதுக்குவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

“சரி, பிடிக்கிறேன்” என்றான். “ஆனா ஒண்ணு. நீங்க விடாம நான் விடமாட்டேன். பொறவு வைத்தி விட்டுட்டு ஓடிட்டான்னு ஆட்டுக்கிட்ட சொல்லக்கூடாது.”

பதின்மூன்றாம் தேதி காலையில் அரசாங்க பஸ் வந்தது. குழந்தைகளையும் முடியாதவர்களையும் முதலில் ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் வந்து மிச்சப் பேரை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. கலைவாணி குழந்தையோடு ஏறினாள், துணைக்கு அமிர்தம் ஏறினாள். கயிறு பிடிக்கிறவர்கள் மட்டும், புயல் விடியலில்தானே, ராத்திரிதானே பிடிக்கவேண்டும் என்று நின்றுகொண்டார்கள். தையல்நாயகி மதியத்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. விடியலில் வரவேண்டிய புயல் முந்தின நாள் பகல் பதினொன்றரைக்கே வந்துவிட்டது. கொடுத்த நேரத்துக்காவது வரக்கூடாதா என்று அவள் கஞ்சித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கயிறு முன்கூட்டியே முகட்டின் மேல் போட்டபடி இருந்தது. அவளும் பக்கிரிசாமியும் முன்வாசலில் நுனியைப் பிடித்தார்கள். மறு நுனி கொல்லைப்பக்கம் தொய்வாகக் கிடந்தது. அவள் மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள், வெறுங்கயிறாக வந்தது. போய்விட்டான், பஸ்ஸிலேயே போய்விட்டான் என்று நினைத்து, ஆறு வருஷத்துக் கோபம் முழுவதையும் கொட்ட வாயைத் திறந்தபோது, கயிறு ஒரு வெட்டு வெட்டி விறைத்தது. அந்தப் பக்கம் ஆள் இருந்தது.

 காற்று கடலிலிருந்து புறப்பட்டு உப்பளத்தைத் தாண்டி, தென்னந்தோப்பைத் தாண்டி, சவுக்கு மரங்களைத் தாண்டி, வழியில் அகப்பட்ட கீற்றையும் தகரத்தையும் காக்கையையும் அள்ளிக்கொண்டு வந்து கூரையின் அடியில் கையை விட்டுத் தூக்கிப் பார்த்தது. கூரை ஒரு முழம் எழுந்தது, அவர்கள் இழுத்தார்கள், உட்கார்ந்தது. எழுந்தது, இழுத்தார்கள், உட்கார்ந்தது. கயிறு உள்ளங்கையில் ஓடி ஓடி முதலில் சுட்டது, அப்புறம் எரிந்தது, அப்புறம் வழவழவென்று ஆனது. அது மழைத் தண்ணீர் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, குனிந்து பார்க்கவில்லை. முகட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவனை அவளால் பார்க்க முடியாது, ஆனால் அவன் மூச்சு வாங்குவதும் காலை மாற்றி வைப்பதும் கயிற்றின் வழியாக அவள் கைக்கு வந்துகொண்டிருந்தது. தெருவெங்கும் இப்படித்தான், பதினாறு வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும், ஜனங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடுகளைத் தரையில் நிறுத்திவைத்திருந்தார்கள். மெம்பர் வீட்டு நாலு வருஷத்துக் கயிறு முடிச்சு அவிழாமல், நடுவில் இற்றுப் போய், கூரையோடு அவர்கள் தலைக்கு மேலே பறந்து போயிற்று.

இரண்டு மணி இருக்கும். வீட்டுக்குள்ளே தொப்பென்று ஒரு சத்தம். நடுவாசலை அடைத்திருந்த மண் ஊறிச் சரிந்து விழுந்துவிட்டது. தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தபோது, முன்வாசல் வழியாக, நடுவாசல் வழியாக, கொல்லைவாசல் வழியாக வைத்தி நேராகத் தெரிந்தான். அவன் இரண்டு காலையும் பின்சுவரின் அடியில் உதைத்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு மேலே பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. சுவருக்கும் வாரைக்கும் நடுவில் ஒரு சாண் வெளிச்சம் தெரிந்தது, பார்க்கப் பார்க்க அது இரண்டு சாண் ஆயிற்று.

விடு, விடு வைத்தி என்று அவள் கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது. வைத்தி அவளைப் பார்த்தான். அவள் வாய் அசைவதைப் பார்த்தான். விடாதே என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, இன்னும் கீழே பிடி மாற்றி இறுக்கிக்கொண்டான். அவன் சிரித்த மாதிரிகூட இருந்தது.

அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் விடாமல் அவன் விடமாட்டான். அந்தப் பக்கத்துக்குச் செய்தி சொல்ல அவளிடம் இருந்தது இந்தக் கயிறு ஒன்றுதான், அதில் சொல்லக்கூடிய வார்த்தையும் ஒன்றுதான். நாற்பது நாளாக அவள் பட்ட பாடு, சாம்பல், மணல், ஆணி, முப்பது சுருள், ஆறு வருஷமாகக் கூரை கூரை என்று அவள் அடித்துக்கொண்டது, எல்லாம் அந்தக் கையில் இருந்தது. அவள் கையைத் திறந்தாள்.

கயிறு அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷமாக எதையும் சட்டென்று விட்டுவிடுகிற பக்கிரிசாமி, கயிறு கட்டு என்றால் அப்புறம் பார்க்கலாம் என்கிற பக்கிரிசாமி, கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒற்றை ஆளாக நுனியைப் பிடித்திருந்தார். விடுங்க என்று அவர் காதில் கத்தினாள். அவர் விடவில்லை. தோளில் அடித்தாள், விடவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள்.

கயிறு போயிற்று. கூரை ஒரு கணம் யோசித்த மாதிரி நின்று, பிறகு கீற்றும் வாரையும் முகட்டு வளையுமாக, ஒரு பெரிய பறவை எழுந்திருக்கிற மாதிரி எழுந்து, தோப்புக்கு மேலே சாய்ந்து மறைந்தது. தொய்ந்த கயிற்றோடு வைத்தி மல்லாக்க விழுந்து கிணற்றடிவரை உருண்டான். அவன் நின்றிருந்த இடத்தில் பின்சுவர் மொத்தமாக வந்து உட்கார்ந்தது. ஒரு மண்கட்டி தெறித்து அவன் முழங்காலில் பட்டது, அவ்வளவுதான்.

அவள் வீட்டுக்குள்ளே புகுந்து, இப்போது வானம் தெரிகிற கூடத்தைத் தாண்டி, விழுந்த மண்ணை மிதித்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வைத்தி எழுந்து உட்கார்ந்திருந்தான். அவன் கயிற்றைப் பார்த்தான், கூரை போன திசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“ஏன் விட்டீங்க?” என்றான்.

அவள் கையை நீட்டிச் சுவரைக் காட்டினாள்.

“சுவர் விழுதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். பின்னால எடம் கெடந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா காத்து தணிஞ்சிருக்கும்.”

“செத்துருப்படா” என்றாள் தையல்நாயகி.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் கிணற்றுச் சுவரின் மறைவில் குறுகி உட்கார்ந்துகொண்டு, மழையில் நனைந்துகொண்டு, காற்று ஓயும்வரை இதையே பேசினார்கள். காற்று ஓயத் தொடங்கியபோது, அந்தத் தெருவில் முதலில் கேட்ட மனிதச் சத்தம் அவர்கள் சண்டைதான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு வார்த்தை வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தார் நிம்மதிப்பட்டார்கள்.

மறுநாள் காலையில் பஸ் வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிற்று. பதினாறில் ஒன்பது கூரை நின்றிருந்தது. மெம்பர், கயிறு தரமில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு பெஞ்சில் படுத்திருந்தார். ஐந்தாம் வகுப்பில், அமிர்தம் எதையும் யோசிக்காமல் பழக்கதோஷத்தில் ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டிருந்தாள், குழந்தை இரண்டு மணி நேரமாக அதில் தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அந்த முடிச்சைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தால் அவிழ்ந்துவிடும் என்கிற மாதிரி தள்ளி நடந்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாரும் ரகசியமாக ஆளுக்கொரு முடிச்சுப் போட்டுப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தச் சங்கடம் தெரிந்தது. கயிறு பிடித்தவர்கள் ஒருத்தருக்கும் உள்ளங்கையில் தோல் இல்லை. மருந்து போட்டு வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். யாராலும் சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டி பிடிக்கவும் முடியவில்லை. பிடிக்காதவர்கள் பிடித்தவர்களுக்கு ஊட்டவேண்டியதாயிற்று. அமிர்தம் பக்கிரிசாமியை உட்காரவைத்து, மணிக்கட்டில் என்ன பல் தடம் என்று கேட்டுக்கொண்டே ஊட்டினாள், அவர் சாவகாசமாக மென்றார். கலைவாணி ஒரு பெரிய சட்டியில் சோற்றையும் சாம்பாரையும் கொட்டிப் பிசைந்துகொண்டு, அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

“பத்து நிமிஷம்” என்றான் வைத்தி. “பத்தே நிமிஷம் பிடிச்சிருந்தா கூரை நின்னுருக்கும்.”

“நீ நின்னுருக்க மாட்ட” என்றாள் தையல்நாயகி.

“அது என் பாடு.”

“உன் பாடா? ஊருக்கு யாரு பதில் சொல்றது? அமிர்தத்துக்கு யாரு பதில் சொல்றது?” குரல் உயர்ந்தது. “கூரை போனா இன்னொரு கூரை போட்டுக்கலாம்டா.”

வைத்தி வாயைத் திறந்தான். அந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் அந்த வீட்டில் சொன்னது யார் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் அதைச் சொல்லிவிடுவதற்குள் கலைவாணி ஒரு பெரிய கவளத்தை உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவன் மெல்லத் தொடங்கினான். அவள் உடனே அடுத்த கவளத்தை உருட்டி அம்மாவின் பக்கம் திரும்பினாள்.